பச்சத்தண்ணி குடுத்த சாம்பிள்

சும்மா வருகிற எதையும் நம்பக் கூடாது என்பது சிஐடியின் கொள்கை. அவன் போலீஸ்காரன் இல்லை, பஸ் டிரைவர். எதற்கெடுத்தாலும் துருவித் துருவிக் கேட்கிறான் என்று டிப்போவில் எல்லோரும் சேர்ந்து வைத்த பேர் அது. டீயில் சர்க்கரை கூடிவிட்டால், "இன்னைக்கு என்ன திடீர் பாசம்?" என்று கடைக்காரன் முகத்தையே பார்ப்பான். வண்டிக்குப் புது டயர் வந்தால் பழைய டயர் எங்கே போச்சு என்பான். பெண்டாட்டி ஆசையாக ஒரு கரண்டி அதிகம் போட்டால், முதலில் விஷயத்தைச் சொல்லு, அப்புறம் சாப்பிடுகிறேன் என்பான்.

அப்படிப்பட்டவன் வேலை பார்க்கிற டிப்போ வாசலில் ஒருநாள் காலை வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து ஒரு நர்சம்மா இறங்கி, நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சின்ன பிளாஸ்டிக் குப்பியைக் கொடுத்தார். இலவசம் என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதாதா, சிஐடிக்கு உடம்பெல்லாம் கண்ணாகிவிட்டது.

"பெருங்குடல்ல புத்து இருக்கான்னு பாக்குற டெஸ்டுங்க இது. வீட்டுல ரெண்டுக்குப் போறப்போ மூடியில இருக்கிற குச்சியால லேசா சுரண்டி, குப்பிக்குள்ள விட்டு மூடிக் கொண்டாங்க. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாலும் இதுல தெரிஞ்சிடும்" என்றார் நர்சம்மா.

"இத்தனை வருஷமா இல்லாத அக்கறை இப்ப எங்கேருந்து வந்துச்சு?" என்று சிஐடி கேட்டான்.

"தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ரொம்ப வருஷமா நடக்குதுங்க. இந்தப் பக்கத்துக்கு இப்பத்தான் வண்டி ஒதுக்கியிருக்காங்க. இந்த நோயில சாகுறவங்க இந்தப் பக்கத்துலதான் அதிகம்."

இந்த ஊரில் தண்டவாளம் என்றால் வெறும் தண்டவாளம் இல்லை. அதற்கு அந்தப் பக்கம் அகலமான ரோடு, நிழல் மரம், பெரிய ஆஸ்பத்திரி, வேறு நிறத்து மனிதர்கள். இந்தப் பக்கம் டிப்போ, கிடங்குகள், முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வீடுகள், மொத்தத்துக்கும் ஒரே ஒரு மருந்துக் கடை. எந்தக் காலத்திலோ கூலி வேலைக்கென்று ஏற்றிக்கொண்டு வரப்பட்டவர்களின் பேரன் பேத்திகள்தான் இங்கே இருக்கிறார்கள். பேரைச் சொன்னாலே அந்தப் பக்கத்தில் எதிரே இருப்பவர் பார்வை மாறும். பேரைச் சொல்லவும் வேண்டாம், தோலைப் பார்த்தாலே போதும்.

சிஐடியின் சந்தேகத்தை வெறும் வியாதி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சில வருஷம் முன்னால் இதே வாசலுக்கு இலவசக் கண் பரிசோதனை என்று ஒரு கூட்டம் வந்தது. நம்பிக் கண்ணைக் காட்டியவர்களில் மூன்று பேருக்குக் கண்ணாடி வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு பஸ் கழுவும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மூன்று பேரும் இன்னமும் கையில் குழாயோடு கொட்டகையில்தான் நிற்கிறார்கள்.

"கண்ணு முடிஞ்சுது, இப்ப குடலுக்கு வந்துட்டானுங்க. நோயாளின்னு எழுதி வெச்சு நம்ம சீட்டைக் கிழிக்கப் பாக்குறாங்க" என்றான் சிஐடி. யூனியன்காரர் மீசையைத் தடவிக்கொண்டே தலையாட்டினார். அவர் தலையாட்டிவிட்டால் டிப்போவே ஆட்டின மாதிரி.

"என்னடா செய்யலாம்?"

"வேற என்ன, பழைய ஏற்பாடுதான்."

பழைய ஏற்பாடு என்றால் பச்சத்தண்ணி. டிப்போவிலேயே மூத்த டிரைவர், சிஐடியின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, டீயைக்கூடத் தொடமாட்டார். எங்கே போனாலும் ஒரு கையில் பெரிய தண்ணீர் பாட்டில், இன்னொரு கக்கத்தில் உட்காரப் போட்டுக்கொள்ள ஒரு பஞ்சு மெத்தை. சீட்டுக்கு அடியிலேயே எஞ்சின் கொதிக்கிற ஓட்டை வண்டிகளைத்தான் கம்பெனி இந்தப் பக்கத்து ரூட்டில் விடும். அதில் உட்கார்ந்து உட்கார்ந்து டிரைவர்களுக்கு ரத்தம் போவது சகஜம். உடம்புச் சூடு, மூலம் என்று மருந்துக் கடைக்காரரும் ஒரு களிம்பை எடுத்து நீட்டுவார். பச்சத்தண்ணி அந்தக் களிம்புக்குப் பல வருஷ வாடிக்கை.

கம்பெனி மாதாமாதம் டிரைவர்களுக்கு ஒண்ணுக்கு டெஸ்ட் வைக்கும். யார் குடித்துவிட்டு ஓட்டுகிறார்கள் என்று பார்ப்பதற்கு. குடிக்காதவனுக்கும் அதில் பயம்தான், இருமல் மருந்து சாப்பிட்ட ஒருத்தனுக்கே வேலை போயிருந்தது. அதனால் டெஸ்ட் அன்று கழிப்பறைக்குப் பின்னால் பச்சத்தண்ணி உட்கார்ந்து மடமடவென்று தண்ணீர் குடிப்பார். எல்லார் பாட்டிலிலும் அவருடையதே போகும். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் இந்த டிப்போவில் பஸ் ஓட்டுவது முழுக்க மகான்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

விஷயத்தைச் சொன்னதும் பச்சத்தண்ணிக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. "மாப்ள, அது வேற, இது வேற. அதையாவது ஊத்திக் குடுக்கலாம். இதை எப்படிப்பா பங்கு போடுறது?"

"நீங்க கொண்டுவந்தா போதும் மச்சான். மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அவருக்கு யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. மறுநாள் காலை பஸ் கழுவும் கொட்டகைக்குப் பின்னால் நடந்ததை விலாவாரியாகச் சொன்னால் படிக்கிறவர்களுக்குச் சோறு இறங்காது. சிஐடி பாத்திரம் தேய்க்கிற கையுறையைப் பெண்டாட்டிக்குத் தெரியாமல் எடுத்துவந்து மாட்டிக்கொண்டான். கிண்டலும் சிரிப்பும் மூக்கைப் பொத்தலுமாக ஒன்பது குப்பி நிரம்பியது. முதல் குப்பி சிஐடியுடையது. எல்லோருக்கும் ஆன பிறகு, கடைசிக் குப்பியைத்தான் பச்சத்தண்ணி தனக்கு எடுத்துக்கொண்டார். பந்தியிலும் அவர் அப்படித்தான்.

அந்தக் கூத்தில் இல்லாதவர் ஒரே ஒருத்தர். வேறு டிப்போவிலிருந்து மாற்றலாகி வந்தவர், அதனால் அவருக்கு டிரான்ஸ்பர் என்றே பேர். இந்தப் பக்கத்து ஆள்தான், ஆனால் இன்னும் யாரோடும் ஒட்டவில்லை. அன்றைக்கு அவருக்கு விடுப்பு.

அதற்கப்புறம் எல்லோரும் அதை மறந்தே போனார்கள். ஒருநாள் டீ நேரத்தில் யூனியன்காரரின் போன் கிணுகிணுத்தது. அடுத்து சிஐடியுடையது. அப்புறம் வரிசையாக பெஞ்சு முழுக்க. ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி. ரத்தம் தெரிகிறது, குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இன்ன தேதியில் வரவும்.

"ஒம்பது பேருக்கும் ஒரே நேரத்துல புத்தாம்! இதென்ன சளியா, ஒருத்தன் தும்மினா இன்னொருத்தனுக்கு ஒட்டிக்க?" என்று யூனியன்காரர் டம்ளரை நங்கென்று வைத்தார்.

சிஐடிக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் சந்தேகப்பட்டது ஊரறியப் பலித்திருக்கிறது. "நான் சொன்னேனா இல்லையா? இப்ப நம்புறீங்களா?" என்று ஒவ்வொருத்தனாகப் பிடித்து உலுக்கினான். ஒருத்தரும் போகக் கூடாது என்று அங்கேயே முடிவானது.

பச்சத்தண்ணி போனைத் தூரமாகப் பிடித்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். "எனக்கும் வந்திருக்குப்பா. ஆனா தேதி மழையெல்லாம் முடிஞ்சுதான்."

"உங்களுக்கு மட்டும் வராம இருந்தாத்தான் மச்சான் அதிசயம்" என்று சிரித்தான் சிஐடி. அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து அப்புறம் அவன் எத்தனையோ தடவை வெட்கப்பட்டான்.

அந்த நேரம் பார்த்து டிரான்ஸ்பர் டீ வாங்க வந்தார். "என்ன இவ்வளவு சத்தம்? எனக்கும் செய்தி வந்துச்சே. ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்கு" என்றார்.

எல்லோரும் சிஐடியைப் பார்த்தார்கள். அவனோ டிரான்ஸ்பரின் சட்டை பட்டன் முதல் செருப்பு வார் வரை நிதானமாகப் பார்த்தான். புதுசாக வந்தவர், யாரோடும் ஒட்டாதவர், அவருக்கு மட்டும் ஒன்றுமில்லை. கம்பெனி வைத்த ஆள் என்பதற்கு இன்னும் என்ன வேண்டும்?

ரெண்டு நாள் அவரையே நோட்டம் விட்டான். டைம் கீப்பரிடம் என்ன பேசுகிறார், யாருக்குப் போன் போடுகிறார், எல்லாம். ஒன்றும் சிக்கவில்லை. மூன்றாம் நாள் ரூட்டின் கடைசி நிறுத்தத்தில் ரெண்டு பேர் வண்டியும் ஒன்றாக நின்றன. அந்த நிறுத்தத்தில் ஒரு தகரக் கூரைகூடக் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. அடக்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். சிஐடி இறங்கிப் போய் அவருடைய ஜன்னலில் கையை ஊன்றினான்.

"நேராவே கேக்குறேன். நீங்க யார் ஆளு?"

"என் பொண்டாட்டி ஆளு. எதுக்கு?"

"நக்கல் வேணாம். உங்களுக்கு மட்டும் எப்படிங்க நல்லபடியா வந்துச்சு? எதைக் குடுத்தீங்க?"

டிரான்ஸ்பர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்னோடதத்தான் குடுத்தேன். ஊரான் வீட்டுதையா கடன் வாங்கிக் குடுப்பாங்க?"

சிஐடி ஜன்னலிலிருந்து கையை எடுத்தான். இந்த ஆள் இந்தப் பக்கத்து ஆள், இவனுக்கும் அதே நிறம்தான், அதே ஓட்டை வண்டிதான். நம்மை ஒழிக்கத்தான் டெஸ்ட் என்றால் இவனையும் சேர்த்தல்லவா ஒழித்திருக்க வேண்டும்? இவன் கொடுத்தது இவனுடையது, அதற்கு ஒன்றுமில்லை. நாங்கள் கொடுத்த ஒன்பதும் யாருடையது?

வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஒன்பது பேருக்குப் புத்து இல்லை. ஒருத்தரைப் பற்றித்தான் ஒன்பது தடவை சொல்லியிருக்கிறது அந்தக் குப்பி.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லும்போது அவன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். கையுறை விஷயத்துக்குக் கூடக் கோபப்படவில்லை.

"அண்ணி போன வாரமே சொன்னாங்க, அண்ணனுக்கு பேன்ட் எல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சுன்னு. நான்தான், வயசாகுதுல்லன்னு சொன்னேன்" என்று சொல்லி முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

"அழாத. என் தேதி அடுத்த வாரம். என் பேர்ல மச்சானை அனுப்பிடலாம். அங்க இருக்கவங்களுக்கு நாம எல்லாரும் ஒரே மூஞ்சிதான்."

அவள் விருட்டென்று நிமிர்ந்தாள். "உங்களுக்குப் புத்தியே வராதா? அண்ணன் வயத்துல கத்தி வைக்கும்போதும் உங்க பேர்லதான் வைப்பாங்களா? அவர் ரத்தம் வேற, உங்க ரத்தம் வேற. இந்தப் பித்தலாட்டம் பண்ணித்தானே இங்க வந்து நிக்கிறோம்?"



மறுநாள் பச்சத்தண்ணியிடம் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. "மூலம்தாம்ப்பா. மருந்துக் கடைக்காரர் பாத்துட்டுத்தானே களிம்பு குடுத்தார்."

"எப்படிப் பாத்தார்?"

"கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தார்."

சிஐடிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பச்சத்தண்ணி மெத்தையைத் தட்டிச் சீட்டில் போட்டார். அவர் முகத்தில் கொஞ்சம் பயம் வந்திருந்தது. "அப்படியே இருந்தாலும் என் தேதிக்கு நான் போய்க்கிறேன் மாப்ள. முன்னாடி போகணும்னா எல்லாத்தையும் சொல்லணும். ஒண்ணுக்கு கதையும் சேர்ந்து வரும். எட்டுக் குடும்பம்ப்பா. எனக்காக வேணாம்."

யூனியன்காரருக்கு அந்தத் தயவுதாட்சண்யம் எல்லாம் இல்லை. டீக்கடை பெஞ்சில் வைத்துச் சிஐடியின் சட்டையைப் பிடித்தார். "நீ வாயைத் தொறந்தா அத்தனை பேரும் நடுத்தெருவுல நிக்கணும். உன் சந்தேகத்தைக் கேட்டுத்தானேடா இவ்வளவும் பண்ணினோம்? இப்ப நீயே போய்க் காட்டிக் குடுப்பியா? அந்த நர்ஸ் கம்பெனி ஆள் இல்லைன்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கும் சந்தேகம்தான்" என்றான் சிஐடி. "ஆனா மழை முடியிற வரைக்கும் மச்சான் இருப்பாரான்னும் சந்தேகமா இருக்கு. ரெண்டுல இதுதான்ணே எனக்குத் தூக்கம் வரவிடல."

யூனியன்காரர் பிடியை விட்டார். போகச் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

வெள்ளை வேன் அன்றைக்குக் கிடங்கு வாசலில் நின்றது. நர்சம்மா எல்லாவற்றையும் கேட்டார், கொட்டகை, கையுறை, குடிக்கிற தண்ணீர் வரைக்கும். நடுவில் ஒரு தடவை அவருக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். அப்புறம் முகம் இறுகிவிட்டது.

"இதையும் எப்படிங்க நம்புறது? உங்க மச்சானுக்குச் சீக்கிரம் தேதி வாங்கறதுக்காக இப்படிச் சொல்லலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சிஐடியை இதுவரைக்கும் யாரும் இப்படித் திருப்பிக் கேட்டதில்லை. அவனுக்கு அந்தம்மாவின் மேல் முதல் தடவையாக ஒரு மரியாதை வந்தது.

"நம்ப வேணாம்மா. என் தேதியை அவருக்குக் குடுத்துட்டு, உள்ள பாருங்க. இல்லைன்னா என்னைப் போலீஸ்ல புடிச்சுக் குடுங்க."

"மத்த எட்டுத் தேதியும்?"

"அத்தனையும் அவரோடதுதான்மா. எங்களுக்கு ஒண்ணும் வேணாம்."

நர்சம்மா போனை எடுத்துத் தள்ளிப்போய் ரொம்ப நேரம் பேசினார். அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தினமும் குழாய் விடுகிற ஆஸ்பத்திரி, இந்தப் பக்கத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு காலைதான் ஒதுக்கியிருக்கிறது என்று அவர் பேசியதிலிருந்து தெரிந்தது. திரும்பி வந்து, "அடுத்த வாரமே கூட்டிட்டு வாங்க. உங்க ஒண்ணுக்கு சமாச்சாரம் எனக்குத் தேவையில்லாதது. ஆனா நீங்க எட்டுப் பேரும் அவங்கவங்க குப்பியை அவங்கவங்களே நிரப்பித் தரணும்" என்றார்.

குழாய் விடுவதற்கு முதல் நாள் குடலைச் சுத்தம் பண்ணுவதற்கு ஒரு பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். ஆயுசு முழுக்கப் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறு குடிக்காத மனிதர் அந்த ஜாடியை மோந்து பார்த்தார். "இதுல என்ன கலந்திருக்கானுங்களோ?" என்றார். சிஐடி ஒரு மடக்கு தான் குடித்துக் காட்டினான். அதன் பலனை ராத்திரியெல்லாம் அனுபவித்தான்.

ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் அறையில் மெத்துமெத்தென்ற நாற்காலிகள். பச்சத்தண்ணியை உள்ளே கூட்டிப் போனதும் சிஐடி ஒரு ஓரமாக உட்கார்ந்தான். கதவு திறந்தது. உள்ளே வந்தவரைப் பார்த்ததும் அவனுக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது. அந்தப் பக்கத்துக்காரரான டிப்போ மேனேஜர்.

மாட்டிக்கொண்டோம், நர்சம்மா சொல்லிவிட்டார், இந்த ஆள் கையும் களவுமாகப் பிடிக்க நேரிலேயே வந்துவிட்டார் என்று ஒரு நொடியில் அவன் மனசு ஓடியது. எழுந்து நின்றான்.

மேனேஜர் அவன் பக்கத்திலேயே வந்து பொத்தென்று உட்கார்ந்தார். "நீயும் இதுக்குத்தான் வந்தியா? அந்தப் பொடியை எவன்யா கண்டுபுடிச்சான்? உசிரே போயிடுச்சு."

"சாருக்கு உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லப்பா. சில வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு விட்டுடுவாங்க. எனக்கு இது மூணாவது. போன தடவை ஏதோ பரு மாதிரி இருந்துச்சுன்னு கிள்ளிப் போட்டாங்க. உனக்கு எத்தனாவது?"

"எனக்கு இல்ல சார், என் மச்சானுக்கு. இதான் மொதல்."

"அவர் என்னைவிட மூத்தவராச்சே" என்று சொல்லிவிட்டு மேனேஜர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிஐடி உட்கார்ந்தான். இந்த ஆளுக்கு மூன்று தடவை. ஒரே டிப்போ, இவரைவிட மூத்தவர், அவருக்குக் கவுன்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து களிம்பு. இத்தனை வருஷமாக வாசலுக்கு வந்ததையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தானே, வாசலுக்கு வராமலே போனது என்னென்ன என்று ஒருநாளாவது யோசித்தானா? சந்தேகப்பட வேண்டியதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருக்கிறான். தன் மேலேயே அவனுக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது.

டாக்டரம்மா வெளியே வந்து அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "புத்துதான். பெருசா இருக்கு, குடலை வெட்டி எடுக்கணும். பக்கத்துலயும் கொஞ்சம் பரவியிருக்குன்னு நினைக்கிறேன். ஆபரேஷனுக்கு அப்புறம் மருந்தும் ஏத்தணும். கைவிட்டுப் போகல, ஆனா உறுதியா எதுவும் சொல்ல முடியாது."

"முன்னாடியே வந்திருந்தா?"

காத்திருக்கும் அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் பக்கம் டாக்டரம்மாவின் பார்வை போய் வந்தது. "நாலஞ்சு வருஷம் முன்னாடின்னா, இங்கேயே கிள்ளிப் போட்டுட்டு அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்றார்.

பச்சத்தண்ணி மயக்க மருந்து முழுசாகத் தெளியாமல் கட்டிலில் படுத்திருந்தார். அந்தப் பஞ்சு மெத்தையை யாரோ மடித்துக் கால்மாட்டில் வைத்திருந்தார்கள். சிஐடி பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் கையைப் பிடித்தான்.

"என்ன மாப்ள, இருக்குதாமா?"

"இருக்கு மச்சான். வெட்டி எடுத்துடலாம்னு சொல்றாங்க."

அவர் கண் ஓரத்தில் தண்ணீர் இறங்கியது.

"எனக்கு வந்தது போகட்டும்ப்பா. பாவம், என்னால உங்க எட்டுப் பேருக்கும் கெட்ட ரிசல்ட் வந்துடுச்சே. நல்லதா இருக்கும்னு நெனச்சுத்தான் குடுத்தேன்."

சிஐடி அவர் கையில் முகத்தை வைத்துக்கொண்டு, அந்த அறையில் இருக்கிற எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி ஓவென்று அழுதான்.